பிக்கப் வண்டி சூடாகிறதா? பாகம் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கி லோடுடன் மேடு ஏறும்போது மட்டும் சூடாகும் பிக்கப் ஒன்றும், சில்க் போர்டு நெரிசலில் நின்றால் மட்டும் சூடாகும் பிக்கப் ஒன்றும் ஒரே நாளில் பெங்களூரின் ஏதாவது ஒரு பட்டறைக்கு வந்தால், பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான் நடக்கும். எஞ்சின் சூடேறும்வரை கூலன்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுவார்கள், ரேடியேட்டரைத் தண்ணீர் விட்டு அலசுவார்கள், அதிலும் தீராவிட்டால் புது ரேடியேட்டர் வாங்கச் சொல்வார்கள். அந்த இரண்டு வண்டிகளுக்கும் வந்திருப்பதோ வெவ்வேறு கோளாறுகள். எப்போது சூடாகிறது, எவ்வளவு நேரத்தில் சூடாகிறது, எப்போது தானாக இறங்குகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஓட்டுபவரே விடை குறித்துக்கொண்டால், பட்டறைக்குப் போகும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். ஓசூருக்கும் கலாசிபாளையத்துக்கும் இடையே காய்கறி ஏற்றி டீசல் பிக்கப் ஓட்டிவரும் எனக்கு, இது சில ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம்.

பொலேரோ பிக்கப், யோதா, டி-மேக்ஸ் போல எஞ்சின் முன்பக்கம் நீளவாக்கில் அமைந்த டீசல் வண்டிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அளவுகள் மாடலுக்கு மாடல் சற்று மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே கொள்ளுங்கள்.

முதலில், உண்மையிலேயே சூடாகிறதா?

டேஷ்போர்டு முள் ஒரு தெர்மாமீட்டர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல வண்டிகளில், கூலன்ட் ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை எங்கிருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர் ஒவ்வொரு டிகிரிக்கும் பதறக் கூடாது என்பது அவர்களுடைய நோக்கம். ஆகையால் முள் நடுவை விட்டு மேலே நகரத் தொடங்கும்போது பிரச்சினை ஏற்கனவே முற்றியிருக்கும். எஸ்.பி. ரோட்டிலோ இணையத்திலோ மலிவாகக் கிடைக்கும் ஒரு புளூடூத் ஓபிடி கருவியை (வண்டிக் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்கும் ஸ்கேனர்) செருகி, கைப்பேசியில் கூலன்ட் வெப்பநிலையை எண்ணாகப் பார்ப்பதுதான் சரியான தொடக்கம். சூடேறிய எஞ்சினில் 85 முதல் 100 டிகிரி வரை இருப்பது இயல்பு. லோடுடன் மேடு ஏறும்போது அதைச் சற்றுத் தாண்டி, பிறகு இறங்குவதும் இயல்பே.

அந்த எண்ணைக் கொடுக்கும் சென்சரும் பொய் சொல்லக்கூடும். இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் வெப்பநிலையையும் எஞ்சினுக்குள் இழுக்கப்படும் காற்றின் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜனவரிக் காலையில் வெளியே 16 டிகிரி என்றால் இரண்டும் அதையொட்டியே இருக்க வேண்டும். ஒன்று 17 என்றும் மற்றொன்று 40 என்றும் காட்டினால், ரேடியேட்டரைத் தொடுவதற்கு முன் சென்சரைப் பார்க்க வேண்டும்.

சென்சர் என்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு பொருள், அவ்வளவுதான். பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓம் முதல் மூவாயிரம் ஓம் வரையிலும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் மல்டிமீட்டர் காட்டும். இணைப்பைப் பிடுங்கினால் தடை முடிவிலியாகிவிடுவதால் ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று வரும். ஒயர் பாடியில் உரசித் தரையோடு சேர்ந்துவிட்டால் தடை இல்லாமல்போய், எஞ்சின் கொதிப்பதாகக் காட்டும். முன்னதற்கு பி 0118 என்ற பழுதுக் குறியீடும், பின்னதற்கு பி 0117 என்ற குறியீடும் பதிவாகும்.

என் வண்டியில் நடந்தது பின்னதுதான். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முள் நடுவிலிருந்து சிவப்புக்குத் தாவும். நூறடி போவதற்குள் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். நான் விட்ட பட்டறையில் புது ரேடியேட்டர் போட்டார்கள். முள் தாவுவது நிற்கவில்லை. பிறகு ஒரு மாலை நானே போனட்டைத் திறந்து ஒயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தபோது, ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒரு இரும்புப் பட்டையில் உரசி, அரைவிரல் நீளத்துக்கு மேலுறை தேய்ந்து செம்பு மின்னிக்கொண்டிருந்தது. கொஞ்சம் யோசித்திருந்தாலே தெரிந்திருக்கும். பல லிட்டர் தண்ணீர் ஓரிரு நொடியில் 40 டிகிரி ஏறவும் முடியாது, அடுத்த நிமிடத்தில் இறங்கவும் முடியாது. முள் தாவினால் மின்சாரக் கோளாறு, முள் ஊர்ந்து ஏறினால் உண்மையான சூடு என்று எடுத்துக்கொண்டு தேடத் தொடங்கலாம். ஒரே ஒரு விலக்கு உண்டு. கூலன்ட் மிகவும் குறைந்து சென்சரின் நுனி காற்றில் நின்றுவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் கீழே இறங்கிக் காட்டக்கூடும். திடீரென்று முள் குளிர்ந்து, கூடவே ஹீட்டரில் குளிர்ந்த காற்றும் வந்தால், வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.

தண்ணீரும் மூடியும்

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். சூடான ரேடியேட்டருக்குள் இருப்பது கொதிநிலையைத் தாண்டியும் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம். மூடி தளர்ந்த கணத்தில் அது சட்டென்று கொதித்து முகத்துக்கே பீறிடும். துணி போட்டுப் பிடித்துக்கொண்டு திறக்கலாம் என்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். குறைந்தது முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு இந்த அழுத்தக் கணக்கில் தனி அக்கறை வேண்டும். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினோ இயல்பாகவே அந்த அளவுக்கு அருகில்தான் ஓடுகிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் கடல்மட்டத்தில் 107 டிகிரி வரை தாங்கும். அதன்மேல் மூடி கொடுக்கும் ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பது இந்த அழுத்தத்தை பார் கணக்கில் சொல்வது. 13, 16 பிஎஸ்ஐ என்று கொள்ளலாம். மூடியின் ரப்பர் வெடித்திருந்து, உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், வேறு எந்தக் கோளாறும் இல்லாத எஞ்சின்கூட இங்கே கொதிக்கும். சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் பல ஆயிரம் ரூபாய் ரேடியேட்டரை மாற்றிய கதைகள் நிறைய.

மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது அழுத்தம் மிகும்போது கூலன்டை ரிசர்வ் டப்பாவுக்கு அனுப்பும். நடுவிலுள்ள சிறியது எஞ்சின் ஆறும்போது அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள விடும். சிறியது அடைத்துக்கொண்டால், காலையில் மேல் ஹோஸ் பைப் சப்பிப்போய்க் கிடக்கும். பார்த்தவுடன் ஹோஸை மாற்றிவிடாதீர்கள், மூடியை மாற்றுங்கள்.

தண்ணீர் விஷயத்தில், போர்வெல் தண்ணீரை ஊற்றுவதுதான் இந்த ஊரில் ரேடியேட்டர்களுக்கு வரும் பெரிய ஆபத்து. பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை உப்புதான் எஞ்சின் பிளாக்கின் உள்சுவரிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. சூட்டைக் கடத்துவதில் வெறும் தண்ணீர் கூலன்டைவிடச் சற்று மேலானது என்பது உண்மைதான். ஆனால் துருவையும் உப்பையும் தடுக்கும் சக்தி அதற்கு இல்லை, கொதிநிலையும் குறைவு. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் சரிபாதியாகக் கலப்பது, அல்லது கலந்தே விற்கும் கூலன்டை வாங்குவது, இரண்டில் ஒன்று போதும். பச்சையையும் ஆரஞ்சையும் நிறத்தை மட்டும் நம்பிக் கலக்க வேண்டாம். வகை சேராவிட்டால் இரண்டும் சேர்ந்து களிபோலத் திரண்டு குழாயை அடைக்கும். இன்னொன்று, வடித்த கூலன்டைத் தெருவில் ஊற்றக் கூடாது. நாயும் பூனையும் நக்கக்கூடும். அது அவற்றுக்கு விஷம்.

நின்றால் சூடு, ஓடினால் சரி

நெரிசலில் ஏறும் சூடு, சாலை காலியாகி நாற்பதில் போகத் தொடங்கியதும் இறங்கினால், கூலன்ட் சுழல்கிறது, ரேடியேட்டரும் ஓரளவு வேலை செய்கிறது, காற்றுதான் போதவில்லை என்று பொருள். ஃபேனையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரிக் ஃபேன் என்றால், ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் உடனே சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் தேடுங்கள். பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால் நடுவில் சிலிக்கான் ஆயில் நிரம்பிய கிளட்ச் ஒன்று இருக்கும். சூடானபின் அது இறுகி ஃபேனை வேகமாகச் சுற்ற வைக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சூடான நிலையில் ஃபேன் இறக்கையைக் கையால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல கிளட்ச் கனமாகத் தடுத்து ஒரு சுற்றுக்குள் நின்றுவிடும். மேசை விசிறிபோல இரண்டு மூன்று சுற்று ஓடினால், அல்லது கிளட்சின் முகத்தில் ஆயில் கசிந்து தூசி ஒட்டிய கோடுகள் நடுவிலிருந்து வெளிநோக்கித் தெரிந்தால், அது முடிந்துவிட்டது. தானே நின்று தானே சுற்றும் தன்மையுள்ள எலக்ட்ரிக் ஃபேனில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, விரல் போய்விடும்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவரைப் பலர் பொருட்படுத்துவதில்லை. டிங்கரிங் வேலைக்குப் போன வண்டி அந்தக் கவர் இல்லாமல் திரும்பி வருவது வழக்கம். கவர் இல்லாத ஃபேன் பக்கவாட்டிலிருக்கும் வெந்த காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். ரேடியேட்டர் வழியாகப் போதிய காற்று வராது. அடுத்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே டார்ச் அடித்துப் பாருங்கள். வைக்கோல் தூள், பூச்சி இறக்கைகள், வெங்காயச் சருகு எல்லாம் கம்பளம்போல அப்பியிருக்கும். வாட்டர் சர்வீஸில் முன்னாலிருந்து வேகமாக அடித்தால் அழுக்கு உள்ளேதான் போகும், துடுப்புகளும் மடங்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெதுவான தண்ணீரால் கழுவ வேண்டும்.

ஓடினால் சூடு, மேட்டில் சூடு

தொப்பூர் கணவாயில் தருமபுரி நோக்கி லோடுடன் ஏறும்போது ஊர்ந்து ஏறும் முள், சமவெளியில் அடங்கினால், எஞ்சின் உண்டாக்கும் வெப்பத்தைக் கூலன்ட் சுமந்துவந்து வெளியேற்ற முடியவில்லை என்று பொருள். ரேடியேட்டரின் உள்ளடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட், தளர்ந்த பெல்ட், உறிஞ்சும்போது சப்பிக்கொள்ளும் கீழ் ஹோஸ் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. ஓரத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டரின் முகப்பில் வரிவரியாக நகர்த்திப் பாருங்கள். வெப்பநிலை கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் நோக்கிச் சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. பழைய செம்பு ரேடியேட்டராக இருந்தால் மேல்தொட்டியைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்வார்கள். இப்போது வருபவை அலுமினியம், தொட்டியோ பிளாஸ்டிக். முற்றிலும் அடைத்துவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து கூலன்ட் ஒழுகிக் காய்ந்த கறை தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியாதீர்கள்

“இந்த ஊரு வெயிலுக்கு அது எதுக்கு அண்ணா, தூக்கிடலாம்” என்று பட்டறையில் சொல்வார்கள். இந்தப் பேச்சை நான் கேட்காத பட்டறை கிடையாது. குளிர்நாட்டுக்காக வைத்தது என்பது அவர்கள் எண்ணம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் காலையில் சூடேறவே அரைமணி எடுக்கும்; அதுவரை கம்ப்யூட்டர் எஞ்சின் குளிர்ந்திருப்பதாகவே எண்ணி டீசலை அதிகமாக விடும். மைலேஜ் குறையும், ஆயிலில் ஈரமும் கரியும் சேரும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. புகையிலுள்ள கரியை எரித்துச் சுத்தம் செய்யும் டிபிஎஃப் வடிகட்டி, எஞ்சின் போதிய சூட்டை அடையாதவரை தன் வேலையைத் தொடங்காது. அடைத்துக்கொண்டால் வரும் செலவு தெர்மோஸ்டாட் விலையைப்போலப் பல மடங்கு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் குறுக்குவழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால், கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே திரும்பி, எஞ்சின் முன்னைவிட அதிகமாகச் சூடாகும்.

ஸ்கேனரில் பி 0128 என்று வந்தால் எஞ்சின் உரிய சூட்டை எட்டவில்லை என்று பொருள். பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும், அல்லது யாரோ எடுத்திருப்பார்கள். கையாலேயே சோதிக்கலாம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டும்வரை ஹோஸ் ஏறக்குறைய குளிர்ந்தே இருந்து, பிறகு ஓரிரு நிமிடத்தில் கை வைக்க முடியாத சூட்டுக்கு வர வேண்டும். முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு மூடவில்லை. எண் 100-ஐத் தாண்டியும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் வால்வு திறக்கவில்லை, அல்லது ஏர் லாக், அதாவது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது.

கழற்றியபின் அடுப்படியிலேயே உறுதிசெய்யலாம். ஆனால் சமையலுக்குத் திரும்பாத ஒரு பழைய பாத்திரமாக இருக்கட்டும். தெர்மோஸ்டாட்டின் வால்வு இடுக்கில் ஒரு நூலைக் கடிக்கவைத்து, தண்ணீருக்குள் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். வால்வு திறக்கும் கணத்தில் நூல் நழுவி, தெர்மோஸ்டாட் டங்கென்று அடியில் விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டும் எண், அதன் விளிம்பில் பொறித்திருக்கும் 82 அல்லது 88-க்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்க வேண்டும். 82 என்று பொறித்தது தண்ணீர் கொதிப்பதற்குள் முழுவதும் திறந்து, சுமார் எட்டு மில்லிமீட்டர் இடைவெளி விடும். 88 என்று பொறித்தது பெங்களூர் அடுப்பில் கொதிக்கும்போதும் முழுதாகத் திறந்திருக்காது. அதைக் குறையென்று நினைத்துவிட வேண்டாம். திரும்பப் பொருத்தும்போது, அதன் தட்டிலுள்ள சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் மேல்பக்கம் இருக்க வேண்டும். காற்று வெளியேறும் வழி அதுதான்.

தரையில் சொட்டில்லாமல் கூலன்ட் குறைந்தால்

அழுத்தச் சோதனைப் பம்ப் உள்ள பட்டறையில், ஆறிய எஞ்சினின் மூடி இருக்கும் இடத்தில் அதைப் பொருத்தி, மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால்மணி நேரம் விடச் சொல்லுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. ஹோஸ் கிளிப்புகளிலும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் மடிப்பிலும், ஹீட்டர் குழாயிலும், பயணியின் காலடி விரிப்பிலும் ஈரம் தேடுங்கள். எங்கும் இல்லையென்றால் கூலன்ட் எஞ்சினுக்குள்தான் போகிறது. உடனே “ஹெட் கேஸ்கெட்” (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இன்றைய டீசல்களில் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் உள்ளே விரிசல் விட்டுக் கூலன்டைக் குடிப்பதும் உண்டு, அதற்கு ஹெட்டை இறக்கத் தேவையில்லை.

ஹெட் கேஸ்கெட் போனதற்கான அடையாளங்கள் வேறு. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, சூடே ஏறாத நிலையில், மேல் ஹோஸ் கல்போல இறுகும். மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் நிற்காமல் வரும். ஆயில் மூடியின் அடியில் மோர்க்குழம்பு நிறத்தில் நுரை படியும். ஆனால் குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் இது கொஞ்சம் வரும், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. எஞ்சின் புகை கூலன்டில் கலந்திருக்கிறதா என்று பார்க்க ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனையில் நீலத் திரவம் நிறம் மாறினால் சந்தேகமில்லை. ஹெட்டை இறக்க நேர்ந்தால், லேத் பட்டறையில் அதன் தளம் வளைந்திருக்கிறதா என்று நேர்கோலும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்காமல் புதுக் கேஸ்கெட் போட அனுமதிக்காதீர்கள். வளைந்த ஹெட்டில் போட்ட கேஸ்கெட் சில மாதங்கள்கூடத் தாங்காது.

வழியிலேயே முள் சிவப்புக்கு வந்துவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதன் ஃபேனை முழு வேகத்தில் விடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் அது இன்னொரு சிறு ரேடியேட்டர். ஆவி வராமல், கூலன்டும் கொட்டாமல் இருந்தால், ஓரத்தில் நிறுத்தி ஓரிரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது நல்லது. ஆவி வந்தாலோ கூலன்ட் கொட்டினாலோ அந்த நொடியே அணைக்க வேண்டும். வெந்த எஞ்சின்மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

திரும்ப நிரப்புதல்

எந்த வேலை செய்திருந்தாலும் கடைசியில் ஏர் லாக் விட்டுவிட்டால் அத்தனையும் வீண். வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டரைச் சூட்டில் வைத்து, காற்று விடும் ஸ்க்ரூ இருந்தால் தளர்த்தி, கூலன்டை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். ஸ்க்ரூவில் குமிழி நின்று திரவம் வந்ததும் இறுக்குங்கள். மூடி திறந்த நிலையில் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் அவ்வப்போது அமுக்கிக்கொடுங்கள்; ஹோஸ் கை பொறுக்காத சூட்டுக்கு வரும்போது அமுக்குவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் திடீரென்று இறங்கும். அதை நிரப்பி, பொங்கத் தொடங்கும் முன் மூடியைப் போட வேண்டும். ஹீட்டரில் வரும் காற்று சீராகச் சூடாக இருந்தால் காற்று வெளியேறிவிட்டது.

பிறகு ரிசர்வ் டப்பாவில் மட்டம் எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் ஒரு கோடும், பக்கத்தில் தேதியும் எழுதுங்கள். மறுநாள் காலையில் ஆறிய வண்டியில் ஒரு விரல் அளவு குறைந்திருந்தால் மிச்சக் காற்று வெளியேறியிருக்கிறது. நிரப்பிப் புதுக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து மூன்று நாள் கழித்தும் குறைந்துகொண்டே வந்தால், அழுத்தச் சோதனைப் பம்பை மீண்டும் ஒருமுறை பொருத்த வேண்டியிருக்கும்.